ஷட்டருக்கு விட்ட எண்ணெய்

முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன். இனி நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்து பொய்யென்றாலும் என் வலது முழங்கால் இன்றிலிருந்து மடங்கவே வேண்டாம். இடது முழங்கால் ஏற்கெனவே மடங்குவதில்லை. அது வேறொரு விஷயத்தில் செய்த சத்தியம். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கையில் போன் வைத்திருப்பவர்கள் எல்லாம் படம் பிடிக்கத் தொடங்குவதற்கு முந்தைய காலம். நான் ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தேன். கீழே வீட்டுக்குச் சொந்தக்காரரான ஸ்டுடியோக்காரரும் அவர் மனைவியும். தெருவைப் பார்த்த முன்னறை அவருடைய ஸ்டுடியோ. பின்னறையில் அந்த அம்மாள் தையல் மெஷின் போட்டிருந்தாள். தெருவில் எல்லோருக்கும் அவள் தையலம்மா. இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு கருப்புத் திரை. படம் எடுக்க வந்தவனுக்குச் சட்டைப் பொத்தான் அறுந்திருந்தால் திரைக்கு அந்தப் பக்கம் கையை நீட்டினால் போதும். ஊசி வரும், தைக்கும், இரண்டு வார்த்தை திட்டும், போகும்.

தையலம்மாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருந்தது என்று தெருவில் சொல்வார்கள். அது குறைத்துச் சொன்னது. ஒருநாள் ஏதோ கோபத்தில் பால் பாத்திரத்தை முறைத்துப் பார்த்தாள். அடுப்பே பற்றவைக்கவில்லை, பால் பொங்கிவிட்டது. அந்தப் பாலில்தான் அன்றைக்கு நான் டீ குடித்தேன். சூடு கொஞ்சம் அதிகம்.

ஸ்டுடியோக்காரருக்கும் கோபம் உண்டு. ஆனால் வாய்வழியாக அதிகம் வராது. கழுத்தில் சிவப்பாகப் பிடித்து, ஏறி, காதில் வந்து நின்றுவிடும். இருட்டறையில் சிவப்பு விளக்கு ப்யூஸ் போனால் அவரை இரண்டு வார்த்தை சீண்டிவிட்டு, அந்தக் காது வெளிச்சத்திலேயே படம் கழுவலாம். கழுவியிருக்கிறோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சத்தம் கேட்டு நான் கீழே இறங்கினேன் என்று சொல்ல முடியாது. சத்தம்தான் மாடிக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போயிற்று.

"யாரு இதுல எண்ணெய் விட்டது?"

"நான்தான் விட்டேன். அதுக்கு என்ன இப்போ?"

"ஷட்டர்ல எண்ணெய் விடலாமாடி?"

"நேத்து யாரு புலம்பினது? இழுக்குது, மெதுவா மூடுது, நாளைக்கு எப்படிப் படம் எடுக்கறதுன்னு? என் மெஷின் இழுத்தா நான் எண்ணெய் விடறேன். நாலு சொட்டு விட்டா பாட்டுப் பாடிக்கிட்டு ஓடுது. உங்க மெஷின் மட்டும் பெரிய இடத்துப் பிள்ளையா?"

"இது தையல் மெஷின் இல்ல!"

"ரெண்டும் இரும்புதானே?"

என்னைப் பார்த்ததும் அவர் கேமராவைத் தூக்கிக் காட்டினார். லென்சின் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில்தான் ஷட்டர் இருக்கும். ஐந்து எஃகு இதழ்கள். வெங்காயச் சருகைவிட மெல்லிசு. அழுத்தினால் பூவாக விரிந்து, கண் சிமிட்டும் நேரத்தில் மூடிக்கொள்ள வேண்டும். தையல் மெஷின் எண்ணெயால் உயிர் வாழ்கிறது. இந்த இதழ்களுக்கோ எண்ணெய்தான் எமன். ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகள் எப்படி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமோ, அப்படி ஒட்டிக்கொண்டுவிடும். வறண்டு இருந்தால்தான் அது ஓடும்.

அவர் அழுத்திக் காட்டினார். இதழ்கள் விரிய ஆரம்பித்தன. நான் மாடிக்குப் போய்க் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு திரும்பி வந்தேன். பாதி விரிந்திருந்தன. அதோடு நின்றுவிட்டன.

சண்டையின் வேர் எண்ணெயில் இல்லை. அந்த அம்மாளுக்கு ஈறு கெட்டு, மேல்வரிசைப் பற்கள் மொத்தமும் ஆட்டம் கண்டிருந்தன. அன்று மாலை நாலு மணிக்குப் பல் டாக்டர் அத்தனையையும் பிடுங்குவதாக ஏற்பாடு. அதற்குமுன் சொந்தப் பல் தெரிய, சிரித்தபடி ஒரே ஒரு படம் வேண்டும் என்று கேட்டிருந்தாள். ஒரு மாதமாகக் கேட்டாள். அவர் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்து, நாளை என்ற ஒன்று மிச்சமில்லாத இடத்தில் வந்து நின்றார்.

இஸ்திரி போட்ட நீலச் சேலையில், தலை வாரி, பவுடர் போட்டுத் தயாராக நின்றாள் தையலம்மா. பவுடரே சிவந்து போயிருந்தது.

"இங்க பாருங்க. நாலு மணிக்கு முன்னால எனக்குப் படம் வேணும். இல்லைன்னா எதிர்க்கடைக்குப் போயிடுவேன்."

எதிர்க்கடை என்பது தெருவின் அந்தப் பக்கத்தில் இருந்த இன்னொரு ஸ்டுடியோ. அதன் முதலாளியும் நம்மவரும் பேசிக்கொள்வதில்லை. ஒருவர் தும்மினால் மற்றவர் கதவைச் சாத்துவார்.

"அவன் சந்தோஷமா எடுப்பான்," என்றாள். "எடுத்து, பெரிசாப் போட்டு, கண்ணாடிக்குள்ள மாட்டுவான். கீழே எழுதுவான், எதிர் ஸ்டுடியோக்காரர் சம்சாரம்னு."

ஸ்டுடியோக்காரரின் காதுகள் பற்றிக்கொண்டன. முன்னறையில் பிலிம் எதுவும் வெளியே இல்லையே என்று நான் ஒருதரம் பார்த்துக்கொண்டேன்.

"மாடியண்ணே," என்றார் என்னிடம், பல்லைக் கடித்துக்கொண்டு. "உங்ககிட்ட பூதக்கண்ணாடி இருக்குல்ல? எடுத்துட்டு வாங்க. நானே பிரிக்கறேன்."

"இதுக்கு முன்னால பிரிச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"வெளியூருக்குத்தானே அனுப்புவீங்க?"

"நாலு மணிக்குள்ள போயிட்டு வருமா?"

அந்த அம்மாளின் தம்பி வந்து சேர்ந்தான். பெட்ரோல் பங்கில் வேலை. தெருவில் அவன் பெயரே பங்க்தான். அக்காவை டாக்டரிடம் கூட்டிப்போக ஸ்கூட்டரோடு வந்தவன், வாசலில் கால் வைத்ததும் இருவரிடமும் சேர்த்து வாங்கிக்கட்டிக்கொண்டான்.

"டேய் மச்சான், உன் அக்கா பண்ணின வேலையைப் பாரு."

"டேய், உன் மாமா பண்ணாத வேலையைக் கேளு."

பங்க் கேமராவைப் பார்த்தான். "இதுக்கு ஏன் மாமா இவ்வளவு? அதான் பாதி திறந்திருக்கே. லென்ஸ் மூடியைத் திறந்து, ஒண்ணு ரெண்டு எண்ணி, மறுபடி மூடிட்டாப் படம் விழுந்துடாதா?"

"விழும். உன் அக்கா அதுவரைக்கும் அசையாம இருக்கணும். இருந்து நீ பார்த்திருக்கியா?"

பங்க் யோசித்தான். பிறந்ததிலிருந்து யோசித்தான். "எண்ணெயைக் கழுவப் பெட்ரோல் வாங்கிட்டு வர்றேன் மாமா," என்று கிளம்பினான்.

ஷட்டருக்குள் கொசுக்கால் அளவுக்கு ஸ்பிரிங்குகள் இருக்கும். ஒன்று துள்ளி ஓடினால் தேட ஆயுள் போதாது. அதனால் பங்க் திரும்பி வந்ததும் மேஜையின் மேல் வெள்ளைப் போர்வையை விரித்து, மேஜையைச் சுற்றிக் கொசுவலையைக் கட்டி, நாங்கள் மூவரும் உள்ளே போய் உட்கார்ந்தோம். தையலம்மா வெளியே சுற்றிச் சுற்றி வந்து ரீங்காரமிட்டாள். கொசுவலையை எதற்காகக் கண்டுபிடித்தார்கள் என்பது அன்றுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

வெயில் அடித்தது. ஜன்னல் கம்பியில் கை வைக்க முடியவில்லை. வலைக்குள் காற்றில்லை, மூன்று ஆம்பிளைகளின் வியர்வையும் பெட்ரோல் வாடையும்தான். ஸ்டுடியோக்காரர் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை லென்சின் முகத்தில் அழுத்தி இடப்பக்கம் திருப்பினார். முன் கண்ணாடி கழன்றது. அதன் அடியில் ஒரு வளையம். அதில் எதிரெதிரே இரண்டு சின்னப் பள்ளங்கள். பள்ளிக்கூடத்துக் கவராயத்தின் இரண்டு முனையையும் அதில் பதித்துத் திருகினார். அசையவில்லை. மனைவியின் பக்கம் ஒருதரம் பார்த்தார். கோபம் மணிக்கட்டுக்கு இறங்கியது. வளையம் கிறீச்சென்று சுற்றியது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் தட்டு எந்த இடத்தில் நிற்கிறது என்று ஊசியால் ஒரு கீறல் போட்டுவிட்டு அதைத் தூக்கினார். உள்ளே கைக்கடிகாரம் மாதிரி பல்சக்கரங்கள், ஸ்பிரிங்குகள், நெம்புகோல்கள். எல்லாம் எண்ணெயில் மினுமினுத்தன.

"நாலு சொட்டா விட்டே?"

"நாலு சொட்டுல அடங்கலைன்னு இன்னும் கொஞ்சம் விட்டேன்."

"இன்னும் கொஞ்சமா? இதுல வடை சுடலாம்டி!"

"சுட்டுக்கங்க. உங்களுக்கு நான் இன்னைக்குச் சமைக்கலை. பசிச்சா அந்த எண்ணெயையே குடிங்க."

தூரிகையைப் பெட்ரோலில் தோய்த்து இதழ்களின் மேல் விட்டார். நெம்புகோலை அசைத்தார். இதழ்கள் விரிந்தன, மூடின. பங்க் கைதட்டினான். பெட்ரோல் காய்ந்ததும் மறுபடியும் ஒட்டிக்கொண்டன. எண்ணெய் போகவில்லை, இடம்தான் மாறியிருந்தது. மறுபடி பெட்ரோல். மை ஒற்றும் தாளை ஒட்டி எடுத்தார். தாள் மஞ்சளாக வந்தது. தீக்குச்சியில் பஞ்சு சுற்றி, இதழுக்கும் இதழுக்கும் நடுவே பிள்ளையின் காது துடைப்பதுபோலத் துடைத்தார். மறுபடி பெட்ரோல், மறுபடி தாள். நான் பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி கொஞ்சம் விலகினால் அவர் என்னையும் திட்டினார். மாதக் கடைசியில் வாடகை வாங்கும்போது இருக்கும் மரியாதை அப்போது இல்லை.

கை வேலை பார்க்க, சண்டை அதன் வழியில் போய்க்கொண்டிருந்தது.

"என் சாமான்ல நீ எதுக்குக் கை வைக்கறே? உன் மெஷின்ல நான் என்னைக்காவது கை வச்சிருக்கேனா?"

"வைக்கலையா? போன வருஷம் கேமரா வாரைத் தைக்கறேன்னு தோலைக் குடுத்து ரெண்டு ஊசியை உடைச்சது யாரு?"

"அது அவசரம்."

"உங்களுக்கு வந்தா அவசரம். எனக்கு வந்தா அதிகப்பிரசங்கித்தனம்."

"கேட்டுட்டு விட்டிருக்கலாமில்ல?"

"கேட்டுக் கேட்டு என் வாய் தேஞ்சதுதான் மிச்சம். ஊர்ல இருக்கற அத்தனை பொம்பளையையும் பார்த்து 'கொஞ்சம் சிரிங்க, இன்னும் கொஞ்சம்'னு குழையறீங்களே. இந்தத் திரைக்குப் பின்னால உட்கார்ந்து நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஒருநாள், ஒரே ஒருநாள், என்னைப் பார்த்து அதைச் சொல்லியிருக்கீங்களா?"

"நம்ம கல்யாணத்துல உன்னை எடுக்கலையா?"

"எடுத்தீங்க! மாப்பிள்ளையே கேமராவைத் தூக்கிக்கிட்டு எதிர்ல போய் நின்ன கல்யாணம் உலகத்துலயே நம்முது ஒண்ணுதான். பக்கத்துல நிக்க ஆள் இல்லாம நான் தனியா நிக்கறேன். பார்க்கறவங்க எல்லாம் மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லையான்னு கேக்கறாங்க."

"வேற ஆளை விட்டா வெளிச்சத்தைக் கெடுத்துடுவான்."

"அந்தப் படத்துலயும் வாயை மூடிக்கிட்டு நிக்கறேன். பல்லு தெரியாம நில்லுன்னு நீங்கதான் சொன்னீங்க."

"கல்யாணப் பொண்ணு பல்லைக் காட்டினா அப்பல்லாம் நல்லா இருக்காது…"

"அப்ப நல்லா இருக்காது. இனிமே பல்லே இருக்காது. நடுவுல இத்தனை வருஷம் இருந்துச்சே, அப்ப என்ன கேடு உங்களுக்கு?"

தீக்குச்சி அவர் விரலில் அப்படியே நின்றது. பங்க் மேஜையைப் பார்த்தான். நான் பூதக்கண்ணாடி வழியாக எதையோ மிகவும் கவனமாகப் பார்த்தேன். அது என் கட்டைவிரல்.

"நீ எங்கடி போகப் போறேன்னு இருந்தேன்," என்றார் கடைசியில்.

"நான் போகலை. பல்லு போகுது."

மத்தியானம் வலையின் அடியைத் தூக்கி ஒரு தட்டு உள்ளே வந்தது. சோறு, அவித்த முட்டை.

"மாடியண்ணனுக்கு மட்டும்," என்றது குரல்.

நான் மட்டும் சாப்பிட்டேன். முட்டை நன்றாக வெந்திருந்தது. மற்ற இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் அதன் ருசி ஒன்றும் குறையவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு இதழ்கள் சொன்னபடி கேட்டன. தாளில் மஞ்சள் வரவில்லை. காய்ந்த பிறகும் விரிந்தன, மூடின. பல்சக்கரங்களின் அச்சுக்கு மட்டும் ஊசி முனையில் பனித்துளியில் பாதி எண்ணெய் தொட்டு வைத்தார். அதைத் தையலம்மா பார்த்துவிட்டாள்.

"ஆக, எண்ணெய் விடறீங்க!"

"இது வேற இடம்!"

"நான் விட்டா விஷம். நீங்க விட்டா மருந்து."

அவர் பதில் சொல்லத் தலையைத் தூக்கினார். இடுக்கி வழுக்கியது. ஒரு ஸ்பிரிங் எகிறியது. வலையில் விழும் என்று நாங்கள் மூவரும் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே, வலையில் இருந்த ஒரே ஓட்டையைத் தேடிக் கண்டுபிடித்து வெளியே போயிற்று.

"துணி தைக்கறவ வீட்டுக் கொசுவலையில ஓட்டை!" என்று கத்தினார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் கோபம் முழுசாக வாய்க்கு வந்தது.

"ஊரையே படம் எடுக்கறவர் பொண்டாட்டிக்குப் படமில்லை. அதுக்கு இது சரியாப் போச்சு!"

தரையைத் துடைப்பத்தால் கூட்டினோம். மேஜைக் காலைத் தூக்கினோம். பங்க் தன் சட்டையை உதறினான். வெளியே மேகம் கூடிவிட்டது. அறைக்குள் வெளிச்சம் ஒரு படி இறங்கியது. தையலம்மா நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். திடீரென்று பின்மண்டையைச் சொறிந்தாள்.

"என்னமோ குத்துது."

"அசையாதே!"

வலையைக் கிழித்துக்கொண்டே அவர் வெளியே வந்தார். கொண்டையை அவிழ்த்து, இழை இழையாகப் பிரித்துத் தேடினார்.

"மெதுவா! அது மயிரு, பிலிம் சுருள் இல்ல."

"ஆடாதே."

"நான் எங்க ஆடறேன்? உங்க கைதான் ஆடுது."

"இவ்வளவு நரைச்சிடுச்சா உனக்கு?"

"கேக்கறாரு பாருங்க மாடியண்ணே, பக்கத்து ஊர்க்காரர் மாதிரி."

ஸ்பிரிங் காதுக்குப் பின்னால் இருந்தது. அதை எடுத்த பிறகும் அவர் கை கொஞ்ச நேரம் அங்கேயே தேடிக்கொண்டிருந்தது. அவள் தட்டிவிட்டாள். வாரிய தலை கலைந்ததற்குத் தனியாக ஒரு சண்டை நடந்தது.

எல்லாவற்றையும் திருப்பிப் பூட்டினார். ஊசிக் கீறல் பொருந்தியது. வளையம், கண்ணாடி, சைக்கிள் டியூப். அழுத்தினார்: சடக். இன்னொருதரம்: சடக். பங்க் ஸ்கூட்டரைக் கிளப்பி வாசலில் உறுமவிட்டு நின்றான். தையலம்மா வெள்ளைத் துணிக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவர் கேமராவுக்குப் பின்னால் போனார்.

"ரெடி," என்றார்.

"அவ்வளவுதானா?"

"வேறென்ன?"

"ஊருக்கெல்லாம் சொல்றதை எனக்கும் சொல்லுங்க."

"நேரமாகுது. சும்மா சிரியேன்."

"சொல்லாம நான் ஏன் சிரிக்கணும்? எனக்கென்ன பைத்தியமா?"

அவர் வாயைத் திறந்தார். ஊர்ப் பெண்களிடம் தண்ணீராக வருகிற வார்த்தைக்குப் பதில் காற்றுதான் வந்தது. காது சிவந்தது. என்னைப் பார்த்தார். நான் உத்தரத்தைப் பார்த்தேன். கடைசியில் அதட்டலாகத்தான் வந்தது:

"சிரி!"

அவள் உதடு அசையவில்லை. அவர் அழுத்தினார். சத்தமில்லை. மறுபடி அழுத்தினார். ஷட்டர் அசையவில்லை. கேமராவின் தலையில் ஓர் அடி போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. கையைக் கேமராவிலிருந்து எடுத்து, தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். இந்த இடத்தில்தான் என் வலது முழங்காலை நினைத்துக்கொண்டு சொல்கிறேன்: இரண்டு கையும் நெற்றியில்தான் இருந்தன.

தையலம்மா எழுந்தாள்.

"போதும்யா! உங்க ஷட்டரும் வேண்டாம், உங்க படமும் வேண்டாம்! இருந்தப்ப பார்க்கத் தெரியாத மனுஷனுக்குப் படம் எடுத்து என்ன ஆகப்போகுது? நான் பொக்கை வாயோடயே செத்துப் போறேன்!"

அவ்வளவு பெரிதாக ஒரு வாய் திறந்ததை நான் அதற்குமுன்னும் பின்னும் பார்த்ததில்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மேகம் விலகி ஒரு கீற்று வெயில் நேராக அந்தப் பல்வரிசையில் விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு அஞ்சி ஐந்து இதழ்களும் தாமாகவே விரிந்து மூடின.

சடக்.

அவள் ஸ்கூட்டரில் ஏறிப் போனாள். பல் டாக்டரின் கை முழுதும் வாய்க்குள் இருந்தபோதும் அவள் புருஷனைத் திட்டிக்கொண்டிருந்தாள் என்றும், மரத்துப்போகும் ஊசி போட்டும் அந்த வசவுகளில் எதுவும் மரத்துப்போகவில்லை என்றும் பங்க் வந்து சொன்னான்.

அவள் திரும்பி வருவதற்குள் ஸ்டுடியோக்காரர் படத்தைக் கழுவி முடித்திருந்தார். மேல்வரிசைப் பற்கள் மொத்தமும், பட்டாணி உரித்து வைத்த மாதிரி. எண்ணினோம், ஒன்றும் குறையவில்லை. வாய் நிறையப் பஞ்சோடு வந்தவளிடம் ஈரத்தோடு நீட்டினார். பஞ்சால் பேச முடியாமல் அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் எதிரில் போய் நின்று, ஊர்ப் பெண்களிடம் சொல்லும் அதே குரலில், "கொஞ்சம் சிரிங்க," என்றார். அவள் படத்தாலேயே அவர் தோளில் ஓங்கி ஓர் அடி போட்டாள்.

பிறகு அவர் அதைப் பெரிதாக்கி முன்னறைக் கண்ணாடிக்குள் மாட்டினார். தெருவில் போகிறவர்கள் அந்த வாயைப் பார்த்துவிட்டுச் சாலையின் அந்த ஓரமாக நடந்தார்கள். எதிர்க்கடைக்காரன் தாக்குப்பிடிக்க முடியாமல் ஒரே வாரத்தில் அடுத்த தெருவுக்குக் கடையை மாற்றிக்கொண்டான். போகும்போது எதற்கோ மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போனான்.

அவர்கள் வீட்டை விற்றுக் காலி செய்தபோது, "நீங்களே வெச்சுக்கங்க மாடியண்ணே, இது கண்ணுல பட்டா எங்களுக்குத் தினமும் சண்டைதான்," என்று அந்தப் படத்தை என்னிடம் கொடுத்துவிட்டார். இப்போது என் கட்டிலுக்கு எதிரே மாட்டியிருக்கிறேன்.

அதில் அந்த அம்மாள் வாயை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு பல்லும் தெரியவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் வலது முழங்காலைத் தடவிக்கொள்கிறேன்.